அமெரிக்கக் குடியுரிமை: படிவம் முதல் உறுதிமொழி வரை

நான் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது குடிமையியல் தேர்வுக்குப் படிக்க வேண்டியவை 100 கேள்விகள். அதிகாரி 10 கேட்பார், 6 சரியாகச் சொன்னால் போதும். சில ஆண்டுகள் கழித்து அம்மாவின் முறை வந்தபோது என் பழைய குறிப்புகளையே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் அவர் அவற்றை வரி விடாமல் படித்த பிறகுதான், அவருக்கு நடக்கப்போவது வேறு தேர்வு என்று தெரிந்தது. 67 வயதில், முழங்கால் வலியோடு, விடியற்காலையில் எழுந்து படித்தவரிடம் "இது இல்லை அம்மா, வேறு பட்டியல்" என்று சொல்ல நேர்ந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அது இன்னொரு வீட்டில் நேரக்கூடாது என்பதற்காக, நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

1. தகுதியை நாள் கணக்கில் பாருங்கள்

உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, சேர்ந்து வாழ்ந்துவருபவருக்கு 3 ஆண்டு. இந்தக் காலம் முடிவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் 91 நாள் முன்பே அனுப்பிவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கட்டணமும் திரும்பி வராது. எனவே ஒரு வாரமாவது தள்ளியே அனுப்புங்கள்.

5 ஆண்டில் பாதி, அதாவது 30 மாதம், நீங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். இதை எல்லோரும் கணக்கிட்டுவிடுகிறார்கள். பலர் கவனிக்காத இன்னொரு விதி, ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருப்பது. அப்படி இருந்தால் உங்கள் தொடர் வசிப்பு அறுந்துவிட்டதாகவே கருதுவார்கள். அறவில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக அறுந்தது அறுந்ததுதான்.

அம்மா தன் அக்காவின் உடல்நலம் பார்க்க மதுரைக்குப் போய் ஏழு மாதம் தங்கிவிட்டார். அந்தக் காலத்திலும் அவருடைய வீடும் குடும்பமும் இங்கேதான் இருந்தன என்று காட்ட, அவர் பெயரில் இங்கே இருந்த வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, வரித் தாக்கல், பெரியம்மாவின் மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் திரட்ட வேண்டியதாயிற்று. ஊருக்குப் போகும் பெற்றோருக்கு டிக்கெட் போடும்போதே ஐந்தரை மாதத்துக்குள் திரும்பும்படி போடுங்கள்.

விண்ணப்பிக்கும் மாநிலத்தில் 3 மாதம் வசித்திருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்; வேலை மாறி வேறு மாநிலம் போனவர்கள் இதில் அவசரப்படுகிறார்கள்.

ஆண்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 18 முதல் 25 வயது வரை கிரீன் கார்டோடு இருந்தவர்கள் இராணுவச் சேவைக்கான பெயர்ப் பதிவில் இருக்க வேண்டும். மாணவர் விசா, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்த காலத்துக்கு இந்தக் கடமை கிடையாது.

2. ஆவணங்களைச் சேருங்கள்

கிரீன் கார்டின் இரு பக்க நகல், பழையதும் புதியதுமான எல்லாப் பாஸ்போர்ட்டுகள், திருமணச் சான்றிதழ், விவாகரத்து நடந்திருந்தால் அதன் தீர்ப்பு, 5 ஆண்டு வரித் தாக்கல் விவரம் ஆகியவை அடிப்படை. வரி விவரத்துக்குப் பழைய தாள்களைத் தேடி அலைய வேண்டாம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் டிரான்ஸ்கிரிப்ட் இலவசமாகக் கிடைக்கும். வருமானமே இல்லாததால் பெற்றோர் வரித் தாக்கல் செய்யவில்லை என்றால் அது குற்றமில்லை. நேர்காணலில் கேட்டால் அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பயணத் தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பாஸ்போர்ட் முத்திரை, மின்னஞ்சலில் உள்ள விமான டிக்கெட், எல்லைக் காவல் துறையின் ஐ-94 இணையதளத்தில் கிடைக்கும் பயண விவரம் மூன்றையும் ஒப்பிடுங்கள். எனக்கு ஒரே ஒரு கனடாப் பயணம் விடுபட்டுப்போயிற்று. காரில் போய் அன்றே திரும்பியதால் நினைவிலேயே இல்லை. நேர்காணலில் நானே சொல்லித் திருத்திக்கொண்டேன்.

போக்குவரத்து அபராதச் சீட்டு ஏதாவது வாங்கியிருந்தால் பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வையுங்கள். கைது என்று ஏதாவது இருந்தால், வழக்கு தள்ளுபடியே ஆகியிருந்தாலும், நீதிமன்றச் சான்றில்லாமல் விண்ணப்பிக்காதீர்கள். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

3. படிவமும் கட்டணமும்

படிவத்தின் பெயர் என்-400. இணையவழியில் நிரப்பினால் 710 டாலர், தாளில் அனுப்பினால் 760 டாலர். கைரேகைக் கட்டணம் இதிலேயே அடங்கும். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் 380 டாலர்தான். ஆனால் இந்தச் சலுகை வேண்டுமென்றால் தாளில்தான் அனுப்ப வேண்டும். அதைவிடக் குறைந்த வருமானமோ அரசு உதவியோ உள்ளவர்கள் ஐ-912 படிவம் மூலம் முழு விலக்கும் கேட்கலாம். தாளில் அனுப்புகிறவர்கள் பழைய பழக்கத்தில் காசோலை வைத்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் கடைசியிலிருந்து காசோலையும் மணியார்டரும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. அட்டை அல்லது வங்கிக் கணக்கு வழியாகவே கட்ட வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், அனுப்பும் நாளன்று குடியேற்றத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழர்களுக்கு இந்தப் படிவத்தில் உள்ள பெரிய இடறல் பெயர்தான். நம்மில் பலருக்கு முதலெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு வந்தவர்களுக்கு விசாவிலேயே 'எஃப்.என்.யூ.', அதாவது முதற்பெயர் தெரியாது என்று விழுந்திருக்கும். அதைச் சரிசெய்ய இதுவே நல்ல வாய்ப்பு. பெயர் மாற்றத்தை என்-400 படிவத்திலேயே கேட்கலாம். அப்படிக் கேட்டால் உறுதிமொழி நீதிமன்றத்தில் நடக்க வேண்டியிருக்கும், அதனால் தாமதம் ஆகலாம். ஆனால் பின்னாளில் ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அந்தத் தாமதம் மேல் என்பது என் கருத்து.

ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய நீண்ட கேள்வி வரிசையை அவசரமாக டிக் செய்யாதீர்கள். அதில் மிகக் கடுமையானது, குடிமகன் என்று எப்போதாவது சொல்லிக்கொண்டீர்களா, வாக்காளராகப் பதிந்தீர்களா என்பது. பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவையும் கேட்பார்கள். கவுண்டரில் இருப்பவர் திரையை நம் பக்கம் திருப்பி, கையெழுத்திடச் சொல்வார். பின்னால் வரிசை நிற்கும். படிக்காமல் ஒரு கட்டத்தைத் தொட்டுவிடுவது எளிது. அந்த ஒரு கட்டம் குடியுரிமை மறுப்புக்கும், நாடு கடத்தலுக்கும்கூட வழிவகுக்கலாம். கிரீன் கார்டு வைத்திருக்கும் உங்கள் பெற்றோரிடமும் பதினெட்டு தொட்ட பிள்ளைகளிடமும் இன்றே இதைச் சொல்லிவையுங்கள்.

கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்ற கேள்வியும் உண்டு. ஆசிரியர் சங்கத்தில் இருந்ததால் என்ன எழுதுவது என்று அம்மா பயந்தார். சங்கம் வேறு, கட்சி வேறு. கட்சியிலேயே இருந்தவர்களும், இலங்கையிலிருந்து வந்து ஆயுதக் குழுக்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் வழக்கறிஞரோடு உட்கார்ந்தே இந்தப் பகுதியை நிரப்புங்கள். எதையும் மறைக்காதீர்கள்.

4. உங்களுக்கு எந்தத் தேர்வு என்று உறுதிசெய்யுங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான். 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு: பட்டியலில் 128 கேள்விகள், அதிகாரி 20 வரை கேட்பார், 12 சரியாகச் சொல்ல வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்; 9 தவறானாலும் நிறுத்திவிடுவார். அந்தத் தேதிக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய 100 கேள்வித் தேர்வு. நேர்காணல் எப்போது நடக்கிறது என்பதல்ல, விண்ணப்பித்த நாளே கணக்கு. சந்தையிலும் யூடியூபிலும் பழைய பட்டியல்கள் ஏராளம் கிடக்கின்றன. குடியேற்றத் துறையின் இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம்.

வயதுச் சலுகைகளைப் பற்றி நம்மிடையே நிறையத் தவறான நம்பிக்கைகள் உண்டு. வயது மட்டும் போதாது, கிரீன் கார்டு வைத்திருந்த ஆண்டுகளும் சேர வேண்டும். 50 வயதும் 20 ஆண்டு கிரீன் கார்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் இருந்தால் ஆங்கிலத் தேர்வு கிடையாது. குடிமையியலைத் தமிழிலேயே, மொழிபெயர்ப்பாளர் துணையோடு சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் இருந்தால் குறிக்கப்பட்ட 20 கேள்விகளைப் படித்தால் போதும், 10 கேட்டு 6 வந்தால் தேர்ச்சி. பிள்ளைகள் அழைத்து அறுபது வயதுக்கு மேல் வந்த நம் பெற்றோரில் பெரும்பாலோருக்கு இந்த ஆண்டுக் கணக்கு எட்டாது. அம்மாவுக்கும் எட்டவில்லை. மறதி நோய் போன்ற உண்மையான மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் நிரப்பும் என்-648 படிவம் மூலம் விலக்கு கேட்கலாம். முதுமை மட்டும் காரணமாகாது.

5. அரசமைப்பை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

128 கேள்விகளில் பாதிக்கு மேல் அரசாங்கம் நடக்கும் விதம் பற்றியவை. தனித்தனியாக மனப்பாடம் செய்தால் பத்து நாளில் உதிர்ந்துவிடும். கட்டுமானம் பிடிபட்டுவிட்டால் பதில்கள் தாமாக வரும். அம்மா முப்பது ஆண்டு பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவர். இந்தியக் குடிமையியல் அவருக்கு மூச்சு மாதிரி. அதனாலேயே தடுமாறினார். கவர்னரை யார் நியமிக்கிறார் என்று நினைத்துக்கொண்டே கேள்வியைப் படிப்பார், பதில் தப்பிவிடும். இந்தியாவில் படித்து வந்த எவருக்கும் இது நேரும். அதனால் நாங்கள் ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் அங்கே, வலப்பக்கம் இங்கே என்று எழுதினோம். மேசையில் அந்த நோட்டு எப்போதும் விரிந்தே கிடக்கும்.

முதல் வரி பிரதமர். இங்கே அப்படி ஒருவர் இல்லை. நாட்டின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஜனாதிபதி ஒருவரே. காங்கிரஸ் எனப்படும் இந்நாட்டு நாடாளுமன்றத்தில் அவர் உறுப்பினர் அல்லர். காங்கிரஸில் அவருடைய கட்சிக்குப் பெரும்பான்மை போனாலும் ஆட்சி கவிழாது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பதே கிடையாது. பதவிக் காலம் 4 ஆண்டு, இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. அமைச்சராக இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு இது ஒன்று புரிந்ததும் அதிகாரப் பிரிவினை என்ற பாடமே விளங்கிவிட்டது: சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நடைமுறைப்படுத்துவது ஜனாதிபதி, பொருள் சொல்வது நீதிமன்றம். சட்டம் இயற்றுவது யார் என்று கேட்டால் 'பார்லிமென்ட்' என்று வாயில் வந்துவிடும். 'காங்கிரஸ்' என்று பழகுங்கள்.

அடுத்தது காங்கிரஸின் மேலவையான செனட். நம் மாநிலங்களவையை நினைத்துக்கொண்டால் பாதி சரி: 6 ஆண்டுப் பதவி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினருக்குத் தேர்தல், துணை ஜனாதிபதியே அவைத் தலைவர். ஆனால் மாநிலங்களவையில் தமிழகத்துக்கு 18 இடம், உத்தரப் பிரதேசத்துக்கு 31. இங்கே கலிபோர்னியாவுக்கும் 2, வயோமிங்குக்கும் 2. 50 மாநிலம், 100 செனட்டர்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றம் அல்ல, மக்களே நேரடியாக. கீழவையான பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள் 435, பதவிக் காலம் 2 ஆண்டு, இடங்கள் மக்கள்தொகைப்படி. செனட்டர் யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார் என்றால் மாநில மக்களை. சபை உறுப்பினர் என்றால் தன் தொகுதி மக்களை.

கவர்னர் இங்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் முதலமைச்சர் வகிக்கும் இடம் என்று எழுதியதும் அம்மாவின் குழப்பம் தீர்ந்தது. அதிகாரப் பங்கீட்டையும் அந்தப் பக்கத்திலேயே எழுதினோம்: நாணயம் அச்சிடுவது, போர் அறிவிப்பது, படை வைப்பது, ஒப்பந்தம் செய்வது கூட்டாட்சி அரசின் வேலை, பள்ளி, காவல், தீயணைப்பு, ஓட்டுநர் உரிமம் மாநிலத்தின் வேலை.

உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள், ஆயுட்காலப் பதவி. இந்தியாவில் 65 வயதில் ஓய்வு. அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டது 1787இல். திருத்தங்கள் 27 மட்டுமே. நூறைத் தாண்டிவிட்ட இந்தியத் திருத்தங்களோடு ஒப்பிட்டால் இது ஏன் இவ்வளவு குறைவு என்று தோன்றும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன் மேல் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும் என்பது வழக்கமான முறை. முதல் 10 திருத்தங்கள் 1791இல் வந்த உரிமைகள் பட்டியல். வாக்குரிமை பற்றியவை நான்கு: 15, 19, 24, 26. இனம், பெண்கள், வாக்குக்கான வரி ஒழிப்பு, 18 வயது என்று இதே வரிசையில் நினைவில் வையுங்கள்.

புதிய பட்டியலில் கூடுதலாகச் சொல்ல வேண்டிய கேள்விகள் உண்டு. முதல் 13 மாநிலங்களில் ஐந்தைச் சொல்லச் சொல்வார்கள்; நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா, ஜார்ஜியா என்று வாய்க்கு எளிதான ஐந்தைப் பிடித்துக்கொண்டால் போதும், பதின்மூன்றும் தேவையில்லை. மெமோரியல் டே போரில் உயிர்விட்ட வீரர்களுக்கு, வெட்டரன்ஸ் டே படையில் பணியாற்றிய எல்லோருக்கும். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, சபாநாயகர், தலைமை நீதிபதி, உங்கள் கவர்னர், உங்கள் செனட்டர், உங்கள் தொகுதி உறுப்பினர் பெயர்களை நேர்காணலுக்கு முந்தைய நாள் மறுபடி சரிபாருங்கள். அன்று பதவியில் இருப்பவரே சரியான பதில்.

6. ஆங்கிலத்துக்குத் தயாராகுங்கள்

மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். இதற்கான சொற்பட்டியலும் அதே இணையதளத்தில் உள்ளது. அம்மா தாளில் அழகாக எழுதுவார். அங்கே கொடுத்ததோ ஒரு டேப்லெட்டும் ஸ்டைலஸும். கண்ணாடியில் கை வழுக்கியது. முதல் வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போயிற்று, இரண்டாவதில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மூன்றாவதில், கையைத் திரையில் ஊன்றாமல், ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்தார். அன்று அவர் விரல்கள் நடுங்கியதைப் பிறகு காரில்தான் சொன்னார். வீட்டிலேயே டேப்லெட்டில் எழுதிப் பழகுங்கள்.

பேச்சுக்குத் தனித் தேர்வு இல்லை. படிவத்தின் கேள்விகளை அதிகாரி கேட்க, நீங்கள் பதில் சொல்வதே பேச்சுத் தேர்வு. உறுதிமொழி, விசுவாசம், ஆயுதம் ஏந்துதல், துன்புறுத்தல், சர்வாதிகாரக் கட்சி போன்றவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கேட்டு, 'இதற்கு என்ன பொருள்?' என்று திருப்பிக் கேட்பதுண்டு. ஒவ்வொன்றுக்கும் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி பழகுங்கள். என் அனுபவத்தில், குடிமையியலைவிட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பல பொது நூலகங்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. அம்மாவுக்குத் துணிவு அங்கே வந்ததுதான். நான் வீட்டில் சொல்லிக்கொடுத்ததில் அது வரவில்லை.

7. நேர்காணல் நாள்

எங்களுக்கு விண்ணப்பித்து ஐந்து மாதத்தில் அழைப்பு வந்தது. இது அலுவலகத்துக்கு அலுவலகம் வெகுவாக மாறும். அழைப்புக் கடிதம், கிரீன் கார்டு, எல்லாப் பாஸ்போர்ட்டுகள், மாநில அடையாள அட்டை, நகல்களோடு மூல ஆவணங்கள் எடுத்துச் செல்லுங்கள். விண்ணப்பித்த பிறகு செய்த பயணங்களின் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். நம் பெரியவர்களுக்கு மரியாதையாக 'யெஸ்' சொல்லும் பழக்கம் உண்டு. புரியாமல் சொன்ன 'யெஸ்' விபரீதமாகிவிடும். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்க உரிமை உண்டு, அதற்காகக் குறை சொல்ல மாட்டார்கள்.

அம்மாவுக்கு 14ஆம் கேள்வியில் 12 நிறைந்துவிட்டது. ஏதாவது ஒரு பகுதியில் தவறினாலும் கவலை வேண்டாம்: 60 முதல் 90 நாளுக்குள் அந்தப் பகுதிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு தருவார்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

8. உறுதிமொழிக்குப் பிறகு

நேர்காணலில் தேறியதோடு நீங்கள் குடிமகன் ஆகிவிடுவதில்லை; உறுதிமொழி எடுத்த பிறகே. விழாவில் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவீர்கள். இருக்கையை விட்டு எழும் முன் பெயர், பிறந்த தேதி எழுத்துக்கெழுத்து சரியா என்று பாருங்கள், தவறிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள்.

பாஸ்போர்ட்டுக்கு டி.எஸ்.-11 படிவம், 130 டாலரும் ஏற்புக் கட்டணம் 35 டாலரும். விரைவாக வேண்டுமென்றால் இன்னும் 60. மூலச் சான்றிதழையே அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் முதலில் நல்ல நகல் எடுத்து வையுங்கள். கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட் வரும்வரை வெளிநாட்டுப் பயணம் போடாதீர்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் விவரத்தை மாற்றுங்கள். கிரீன் கார்டோடு உங்களுடன் வசிக்கும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பொதுவாக உங்களோடு தாமாகவே குடிமக்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. உறுதிமொழி எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும், அந்தப் பாஸ்போர்ட்டில் அதன் பிறகு பயணம் செய்வது குற்றம். அதை முறையாக ஒப்படைத்துச் சான்று வாங்கிய பின் ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இலங்கையர்களுக்கு இரட்டைக் குடியுரிமைக்கு வழி உண்டு, ஆனால் தானாக வராது, விண்ணப்பித்தே பெற வேண்டும். ஊரில் திருமணமோ காரியமோ இருக்கிறது என்றால், அமெரிக்கப் பாஸ்போர்ட், ஒப்படைப்புச் சான்று, ஓ.சி.ஐ. அல்லது விசா எல்லாம் முடிய மாதங்கள் ஆகும் என்று கணக்கிட்டே தேதி குறியுங்கள். அம்மா பெரியம்மாவைப் பார்க்கப் போக அவசரப்பட்டார். முதலில் இ-விசா எடுத்துப் போய் வந்தார், ஓ.சி.ஐ. விண்ணப்பத்தைத் திரும்பி வந்த பிறகு போட்டோம்.